தாத்தாவின் தெர்மல்

எங்கள் வீட்டில் ஒரு இரும்புப் பெட்டி இருக்கிறது. அப்பா பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று வரும்போது கொண்டுவந்தது. கறுப்பு பெயின்ட் அடித்து, மூடியில் வெள்ளை எழுத்தில் அவருடைய நம்பரும் பெயரும் எழுதியிருக்கும். வருஷத்துக்கு ஒரு நாள், பொங்கல் கழிந்ததும், அதை வாசலுக்கு இழுத்து வந்து வெயில் காட்டுவோம். உள்ளே ஒரு பச்சை ஜெர்சி, கண் மட்டும் தெரிகிற கம்பளிக் குல்லா, நாலைந்து ஜோடி கம்பளி சாக்ஸ், லே பஜாரில் சொந்தக் காசில் வாங்கிய தெர்மல் இரண்டு செட். அந்துருண்டை வாசனையையும் மீறிக் கொஞ்சம் மண்ணெண்ணெய் வாசனை வரும்.

அதியமான்கோட்டையில் இந்தத் துணிகளுக்கு வேலையே கிடையாது. தருமபுரியிலிருந்து சேலம் போகிற வழியில் இருக்கிற ஊர். தேய்பிறை அஷ்டமிக்குக் காலபைரவர் கோயிலில் பூசணிக்காய் விளக்கு ஏற்ற வரும் கூட்டத்தை வைத்துத்தான் வெளியூர்க்காரர்கள் எங்கள் ஊரை அடையாளம் சொல்வார்கள். மார்கழி விடிகாலையில் ஒரு போர்வை போதும். சித்திரையில் அந்தப் போர்வையைப் பார்த்தாலே வேர்க்கும். அப்படிப்பட்ட ஊரில், பல வருஷமாகப் பனிமலைத் துணி ஒன்று பெட்டிக்குள் இருந்தது.

போன வருஷம் புரட்டாசியில் என் மகள் அதைத் திறந்தாள். அவள் கல்லூரியில் என்சிசி மாணவி. மலையேற்ற அடிப்படைப் பயிற்சிக்குத் தேர்வாகியிருந்தாள். இருபத்தெட்டு நாள், உத்தரகாசியில். கயிறு, பூட்ஸ், முதுகுப்பை எல்லாம் அங்கேயே கொடுப்பார்கள். உள்ளே போடும் துணிகளை நாமே கொண்டுபோக வேண்டும். பட்டியலைப் படித்துவிட்டு நேராகப் பெட்டியிடம் போனாள். தாத்தாவின் தெர்மலை எடுத்துப் போட்டுக்கொண்டு கூடத்தில் வந்து நின்றாள். தோளில் தொங்கியது, இடுப்பில் இறுக்கியது, கால் பகுதியில் ஒரு சாண் மிச்சம்.

அப்பாவுக்கு எழுபத்திரண்டு வயது. மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் இருபத்து நாலு வருஷம் இருந்தவர். அதில் மூன்று மாதம் சியாச்சின் மேலே. அந்த மூன்று மாதத்தைப் பற்றி எங்களிடம் அதிகம் பேசியதில்லை. பேத்தி தெர்மலோடு நின்றதும் கட்டிலை விட்டு எழுந்தார்.

"இத மட்டும் போட்டா போதாது பாப்பா. ஒக்காரு, சொல்றேன்."

அன்று அவர் சொன்னதை நான் வகுப்பில் பாடம் கேட்பதுபோல் கேட்டேன். நான் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவள். "கம்பளிக்கு வெப்பம் உண்டா?" என்று பிள்ளைகளிடம் கேட்பேன். உண்டு என்பார்கள். "அப்படியானால் ஐஸ் வண்டிக்காரர் ஏன் ஐஸ்கட்டியைச் சாக்கில் சுற்றுகிறார்?" என்று கேட்டால் விழிப்பார்கள். சாக்கும் கம்பளியும் சூட்டைத் தருவதில்லை, சூடு இடம் மாறுவதைத் தடுக்கின்றன. அதையும் பெரும்பாலும் நூலுக்கும் நூலுக்கும் நடுவே அகப்பட்ட காற்றுதான் செய்கிறது. அப்பா சொன்னதும் இதுதான், பட்டாளத்துப் பாஷையில்.

முதல் அடுக்கு உடம்போடு ஒட்டியிருப்பது. அதன் வேலை சூடு அல்ல, வேர்வையை உறிஞ்சி வெளியே தள்ளுவது. அதனால் பருத்தி கூடாது. பருத்தி வேர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும். ஈரம், காற்றைவிட ஏறக்குறைய இருபத்தைந்து மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துக்கொள்ளும். இரண்டாவது அடுக்கு கம்பளி அல்லது பஞ்சு வைத்தது, காற்றைப் பிடித்து வைக்க. ஒரே தடிமனான சட்டையைவிட இரண்டு மெல்லிய சட்டை நல்லது, இடையில் இன்னொரு காற்றடுக்கு கிடைக்கும். மூன்றாவது, வெளியிலிருந்து வரும் காற்றையும் பனியையும் நிறுத்துகிற மேலங்கி. எல்லாம் கொஞ்சம் தளர்வாக இருக்க வேண்டும். சாக்ஸ் மேல் சாக்ஸ் திணித்து பூட்ஸை இறுக்கினால் ரத்தம் ஓடாது, விரல் போய்விடும்.

"முக்கியமானது இன்னொண்ணு. ஏத்தத்துல நடக்கறதுக்கு முன்னாலயே ஒண்ணக் கழட்டிரணும். குளுருதேன்னு எல்லாத்தையும் போட்டுக்கிட்டு நடந்தா வேர்க்கும். நின்னதும் அந்த வேர்வையே ஒறைஞ்சு ஆளக் கொன்னுரும். போடத் தெரிஞ்சவன் பொழைக்க மாட்டான், கழட்டத் தெரிஞ்சவன்தான் பொழைப்பான்."

அம்மா உள்ளே மெஷினில் உட்கார்ந்திருந்தாள். அதுவரை மிதித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

"அது சரி. இத்தினியையும் போட்டுக்கிட்டு புள்ள ஒண்ணுக்கு எப்பிடிப் போவா?"

அப்பா வாயைத் திறந்தார், மூடினார். அவருக்குக் கோபம் வரவில்லை. உண்மையிலேயே யோசித்தார். "எங்களுக்கு முன்னால ஜிப்பு இருந்துச்சு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "கைய வெளிய எடுக்கறதே கஷ்டம்தான்" என்றார். அதற்கு மேல் அவரிடம் பதில் இல்லை. இருபத்து நாலு வருஷச் சேவையில் அந்தக் கேள்வியைக் கேட்க அவருடைய வரிசையில் ஒரு பெண்ணும் நின்றதில்லை.

எல்லோரும் சிரித்துவிட்டோம். ஆனால் இது சிரிக்கிற விஷயம் இல்லை. உயரமான இடத்தில் மூச்சு வாங்க வாங்க உடம்பிலிருந்து நீர் போய்க்கொண்டே இருக்கும். தாகம் எடுக்காவிட்டாலும் குடிக்க வேண்டும். நீர் குறைந்தால் தலைவலி, சோர்வு. பனிக்கடிக்கும் அதிக வாய்ப்பு. ஒதுங்கப் போவதற்கு நாலு அடுக்கை இடுப்புக்குக் கீழே இறக்க வேண்டும் என்றால், கூட வந்தவர்கள் எல்லோரும் ஆண்கள் என்றால், ஒரு பெண் என்ன செய்வாள்? தண்ணீர் குடிப்பதை நிறுத்துவாள். அதற்கு அவளுக்கு யாரும் பயிற்சி கொடுக்க வேண்டியதில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து பழகியதுதான்.

எனக்குத் தெரியும். நான் வேலை பார்க்கிற தனியார் பள்ளியில் பெண் ஆசிரியர்கள் பதினெட்டுப் பேருக்கு ஒரே கழிப்பறை. காலையில் வீட்டில் ஒரு டம்ளர் காபி குடித்தால், மாலை நாலரை மணி வரை தண்ணீர் பாட்டிலைத் திறக்க மாட்டேன். இரண்டு முறை சிறுநீர்த் தொற்று வந்து மாத்திரை சாப்பிட்டிருக்கிறேன்.

அந்தப் பள்ளியில் நாங்களும் அடுக்கடுக்காகத்தான் உடுத்துகிறோம். உள்ளாடை, உள்பாவாடை, ஜாக்கெட், சேலை, அதன்மேல் கழுத்திலிருந்து முட்டி வரை பொத்தான் வைத்த ஓவர்கோட். பாலியஸ்டர் கலந்த துணி. பங்குனி மாதம் மதியம் கடைசி பீரியடில் கரும்பலகைக்கு முன்னால் நிற்கும்போது முதுகில் வேர்வை ஓடுவது தெரியும். "மாணவர்களின் கவனம் சிதறக் கூடாது" என்று காரணம் சொன்னார்கள். ஆண் ஆசிரியர்களுக்கு ஓவர்கோட் இல்லை. மாணவிகளுக்கும் உண்டு, சுடிதாருக்கு மேல். பதின்மூன்று வயதுப் பெண், கோடையில், மூன்றடுக்கில் உட்கார்ந்து வெப்பக் கடத்தல் பாடம் படிக்கிறாள். நான் நடத்துகிறேன்.

அப்பா சொன்னதைக் கேட்ட அன்றுதான் எனக்கு வித்தியாசம் உறைத்தது. பட்டாளத்தில் அடுக்கு என்பது போடுகிறவர் உயிரோடு இருப்பதற்கு. எப்போது திறக்க வேண்டும், எப்போது மூட வேண்டும் என்று அவர் உடம்பு சொல்லும், அவர் கை செய்யும். அதற்காகவே அக்குளில் ஜிப்பு வைக்கிறார்கள், கழுத்தில் திறப்பு வைக்கிறார்கள். எங்கள் அடுக்குகள் பார்க்கிறவருக்காகப் போடப்பட்டவை. எவ்வளவு வேர்த்தாலும் கழற்றுகிற முடிவு எங்களுடையது அல்ல.

அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவள் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. அப்பா சியாச்சினில் இருந்தபோது அவளுக்கு முப்பத்திரண்டு வயது, எனக்குப் பத்து. கடிதத்தில் "56 ஏபிஓ" என்று மட்டும் விலாசம் இருக்கும். எந்த மலை, எந்த ஊர் என்று தெரியாது. அம்மா ஜாக்கெட் தைத்து வீட்டை ஓட்டினாள். புருஷன் ஊரில் இல்லாதவள் என்று தெருவே அவள் உடுப்பைக் கணக்கெடுத்தது. புதுச் சேலை கட்டினால் யாருக்காக என்று கேட்பார்கள். பூ வைத்தாலும் அப்படித்தான். ரேஷன் கடைக்குப் போனாலும் முந்தானையை இரண்டு தோளையும் மூடிப் போர்த்திக்கொண்டு போவாள். அதே அம்மா, உள்பாவாடைக்குள் யாருக்கும் தெரியாமல் ஒரு பை தைத்து வைத்திருந்தாள். மணியார்டர் பணம் போஸ்டாபீசிலிருந்து வீடு வரை அதில்தான் வரும். தனக்கென்று அவள் தைத்துக்கொண்டது அந்தப் பை ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

சியாச்சினில் இந்திய ராணுவம் 1984 ஏப்ரல் 13-ல் ஏறியது. அன்று முதல் அங்கே குண்டு பட்டு இறந்தவர்களைவிடக் குளிராலும் பனிச்சரிவாலும் உயரத்தாலும் இறந்தவர்களே அதிகம். 2003 நவம்பரில் சண்டை நிறுத்தம் வந்த பிறகும் சாவு நிற்கவில்லை. 2016 பிப்ரவரி 3-ல் சுமார் 19,600 அடி உயரத்தில் ஒரு காவல் நிலை பனிச்சரிவில் புதைந்து, மெட்ராஸ் ரெஜிமென்ட்டைச் சேர்ந்த பத்துப் பேர் இறந்தார்கள். அதில் நான்கு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். ஒருவர் கிருஷ்ணகிரி மாவட்டம். 2004 வரை அது எங்கள் தருமபுரி மாவட்டம்தான். அன்று அப்பா டிவியை அணைக்கவே இல்லை. சாப்பிடவும் இல்லை.

அதனால் ராணுவத் துணி என்றால் எல்லாம் சரியாக இருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. 1962 போரில் வீரர்கள் பருத்தி உடுப்போடும் கான்வாஸ் ஷூவோடும் இமயமலைக்கு அனுப்பப்பட்டார்கள். அப்போது நாடெங்கும் பெண்கள் நகையைக் கழற்றி பாதுகாப்பு நிதிக்குக் கொடுத்தார்கள், உட்கார்ந்து கம்பளிச் சட்டை பின்னினார்கள். 2020 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை, உயர்மலைப் படைகளுக்கான உடை, பூட்ஸ், பனிக்கண்ணாடி வாங்குவதில் தாமதமும் பற்றாக்குறையும் இருந்ததையும், பழைய ரக முகமூடியும் மேலங்கியும் தூங்கும் பையும் வாங்கப்பட்டதையும் எழுதியது.

எங்கள் ஊரில் அதியமானுக்கும் ஔவைக்கும் ஒரு கோட்டம் இருக்கிறது. ஔவை என்றால் எல்லோரும் நெல்லிக்கனியைத்தான் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது அவர் தொண்டைமானிடம் தூது போனது. அவன் ஆயுதக் கொட்டிலில் மாலை போட்டுப் பளபளவென்று இருந்த படைக்கலங்களைப் பார்த்துவிட்டு, அதியமானுடையவை உடைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று சொன்ன பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. பாராட்டுவதுபோல் குத்தியது என்று தமிழாசிரியர்கள் சொல்லித் தருவார்கள். எனக்கு அது வேறு மாதிரியும் படுகிறது. படைக்கருவி எந்த நிலையில் இருக்கிறது, பயன்பட்டதா, சும்மா வைத்திருக்கிறதா என்று போய்ப் பார்த்துக் கணக்கு சொன்னவர் ஒரு பெண்.

போர்க்காலத் துணியில் பெண்கள் எப்போதும் இருந்திருக்கிறார்கள். தைப்பவர்களாக, கொடுப்பவர்களாக. 1941 டிசம்பரில், ரஷ்யக் குளிரில் மாட்டிக்கொண்ட ஜெர்மன் படைக்காக, ஜெர்மனி முழுவதும் வீடுகளிலிருந்து பெண்களின் ரோமக் கோட்டுகள்கூடச் சேகரிக்கப்பட்டன. எதிர்ப்பக்கம் சோவியத் படையில் லட்சக்கணக்கான பெண்கள் போரிட்டார்கள். அவர்களுடைய நினைவுகளை ஸ்வெட்லானா அலெக்சியேவிச் தொகுத்திருக்கிறார். ஆண்களின் உள்ளாடையையும், காலில் நிற்காத பெரிய பூட்ஸையும் போட்டுக்கொண்டு நடந்ததை அந்தப் பெண்கள் சொல்கிறார்கள். சிறிய காலுக்குப் பெரிய பூட்ஸ் என்றால் உராய்ந்து புண்ணாகும். சிறிய கைக்குப் பெரிய கையுறை என்றால் விரல் நுனி காலியாக இருக்கும், ஒரு கயிறு முடிச்சுகூடப் போட முடியாது. அளவு தவறுவது அழகுப் பிரச்சினை இல்லை.

தணிக்கை அறிக்கை வந்த அதே 2020 பிப்ரவரியில், 17-ஆம் தேதி, ராணுவத்தில் பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணி வழங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசுத் தரப்பு பெண்களின் உடலமைப்பையும், கிராமத்திலிருந்து வரும் ஆண் வீரர்கள் பெண்ணின் கட்டளையை ஏற்க மாட்டார்கள் என்பதையும் காரணமாக வைத்திருந்தது. 2023 ஜனவரியில் கேப்டன் சிவா சவுகான் சியாச்சினில் சுமார் 15,600 அடி உயரத்தில் உள்ள குமார் நிலையில் பணியில் அமர்ந்தார். அங்கே பணியமர்த்தப்பட்ட முதல் பெண் அதிகாரி அவர். என் மகள் அந்தப் படத்தைத் தன் அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறாள். உடம்பு முழுக்கப் பனியுடை. ஆணா பெண்ணா என்று தெரியாத அளவுக்கு அடுக்குகள். "பார்த்தியா, எல்லாரும் ஒரே மாதிரி" என்றாள் மகள். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "வெளிய ஒரே மாதிரிதான். உள்ள ஒரே மாதிரி இல்லியே" என்றாள்.

பிறகு வேலையை ஆரம்பித்தாள். அப்பாவின் தெர்மலை அவள் கத்திரி படவிடவில்லை. மகளுக்குப் புதிதாக இரண்டு செட் வாங்கினோம். அதில் ஒன்றின் கவுட்டியைப் பிரித்து, இரண்டு மடிப்பு ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதுபோல் வைத்துத் தைத்தாள். "நின்னா மூடிக்கும். குந்துனா பிரியும். அவ்ளோதான்." தையல் உடம்பில் உறுத்தாமல் இருக்கத் தட்டையாக மடித்து அடித்தாள். மேலே போடும் காற்றுத்தடுப்புப் பேன்ட்டில் முன்னாலிருந்து பின்னால் வரை போகிற நீள ஜிப்பு, இரண்டு பக்கமும் திறக்கிற மாதிரி. பல்லு உடம்பில் படாமலும் காற்று புகாமலும் உள்ளே அகலமான பட்டி. மூன்று முறை பிரித்துத் தைத்தாள். ஒவ்வொரு முறையும் மகள் அதைப் போட்டுக்கொண்டு கொல்லைப்புறம் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து குறை சொன்னாள்.

அப்பா முதலில் வெட்கப்பட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார். இரண்டாம் நாள் தானாக உள்ளே வந்தார். "ஜிப்பு முனையில கயிறு கட்டு. கையுறையோட இழுக்கணும்ல. வெறுங்கையில இரும்பத் தொடக் கூடாது அங்க" என்றார். நாலு விரல் நீளக் கயிற்றில் அவரே முடிச்சுப் போட்டுக் கட்டினார். அப்புறம் என்னிடம் தணிந்த குரலில், "அந்த நாளு வந்தா என்ன பண்ணுவா?" என்று கேட்டார். என் வாழ்நாளில் அப்பா என்னிடம் அதைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை. நாப்கினை மேலங்கியின் உள்பையில், உடம்புச் சூட்டில் வைத்துக்கொள்ளலாம், பயன்படுத்தியதைக் கட்டிக் கீழே கொண்டுவர ஒரு தனிப் பை வேண்டும் என்று பேசி முடிவு செய்தோம். பருத்தி பிராவுக்குப் பதிலாக இரும்புக் கொக்கி இல்லாத விளையாட்டு பிரா இரண்டு வாங்கினோம். அப்பா மனப்பாடமாகச் சொன்ன பட்டாளத்துப் பட்டியலில் இவை எதுவும் இல்லை. மகள் ஒரு நோட்டில் அவற்றையும் சேர்த்துப் புதிதாக எழுதினாள்.

பயிற்சியின் மூன்றாவது வாரம் சிக்னல் கிடைத்தபோது ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள். காற்றுச் சத்தத்துக்கு நடுவில், "ஆயாகிட்ட சொல்லு, ஜிப்பு வேலை செய்யுது. நாலு லிட்டர் குடிக்கிறேன். இங்க இருக்கிற பொண்ணுங்க எல்லாம் தையல்கார ஆயா நம்பர் கேக்கறாங்க." அம்மா அதை ஏழெட்டுத் தடவை போட்டுக் கேட்டாள். தண்ணீர் குடிக்காமல் தலைவலியோடு கிடந்த ஒரு பெண்ணைப் பற்றியும் அதில் மகள் சொல்லியிருந்தாள். அவளுக்குத் தன்னுடைய இரண்டாவது செட்டைக் கொடுத்தாளாம். அது பிரித்துத் தைக்காத செட். ஊசிநூல் கேட்டு வாங்கி, இரவில் டார்ச் வெளிச்சத்தில் தானே தைத்துக் கொடுத்திருக்கிறாள். கோணலாக வந்தது, ஆனால் திறந்தது என்றாள்.

அந்த வாரம் நான் பள்ளி நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். ஓவர்கோட் போடுவதா வேண்டாமா என்பதை அவரவர் முடிவுக்கு விட வேண்டும் என்றும், பெண் ஆசிரியர்களுக்கு இன்னும் இரண்டு கழிப்பறை வேண்டும் என்றும். பதினெட்டுப் பேரில் பதினொரு பேர் கையெழுத்துப் போட்டார்கள். மற்ற ஏழு பேர் பயந்தார்கள், அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். மாணவிகளின் ஓவர்கோட்டைப் பற்றியும் ஒரு வரி எழுதி, பிறகு அடித்துவிட்டேன். அது தப்பு என்று இப்போது நினைக்கிறேன். அடுத்த கடிதத்தில் அதுதான் முதல் வரி.

பதில் இன்னும் வரவில்லை. இதற்கிடையில் ஒன்று மட்டும் செய்கிறேன். இரண்டாவது பீரியட் முடிந்ததும் ஒரு பாட்டில் தண்ணீரைக் குடித்துவிடுகிறேன். வரிசையில் நிற்க வேண்டியிருந்தால் நிற்கிறேன். வகுப்புக்குத் தாமதமாகப் போனால், ஏன் என்று கேட்கிறவர்களிடம் காரணத்தைச் சொல்கிறேன்.